தலைவிளக்குகள் அணைந்தபோது: வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கப் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் எவருடைய பெயரும் குறிப்பிடப்படவில்லை. நிகழ்வின் மையத்தில் இருக்கும் தந்தை இதன் வரைவை இருமுறை வாசித்து, சில வரிகளை நீக்கச் சொல்லி, எஞ்சியதை மற்றவர்கள் படிப்பதற்குச் சம்மதித்தார். பயணத்தை ஒருங்கிணைத்த ஆசிரியை என்ற முறையில் இதை நான் எழுதுகிறேன். கீழே சொல்லப்படும் தவறுகள் எங்கள் பள்ளியினுடையவை, அவற்றுள் பெரும்பாலானவை என்னுடையவை. சுரங்கப் பணியாளர்கள் அன்று செய்தவை அனைத்தும் முறையாகவும் பரிவோடும் இருந்தன என்பதை முதலிலேயே பதிவுசெய்கிறேன்.

பின்னணி

இங்கிலாந்து நகரமொன்றில் சனிக்கிழமைகளில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பள்ளி, ஆண்டுக்கு ஒருமுறை மேல்வகுப்பு மாணவர்களை வெளியிடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று, பார்த்ததைத் தமிழில் எழுதச் செய்வது வழக்கம். பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டொன்றில், மே மாத விடுமுறை வாரத்தில், தெற்கு வேல்ஸின் பிளைனாவன் ஊரிலுள்ள பிக் பிட் சுரங்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். 11 முதல் 14 வயது வரையான 22 மாணவர்கள், நான்கு ஆசிரியர்கள், உதவிக்கு மூன்று பெற்றோர் என 29 பேர் சென்றோம்.

பிக் பிட் 1980இல் உற்பத்தியை நிறுத்திய உண்மையான நிலக்கரிச் சுரங்கம். 1983இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, இப்போது வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது. பிளைனாவன் தொழில்துறை நிலப்பரப்பை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பார்வையாளர்கள் தொழிலாளர் சென்ற அதே குழியின் வழியாக, கூண்டில் ஏறி, 90 மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறார்கள். அழைத்துச் செல்பவர்கள் சுரங்கத்தில் வேலை செய்து பழகியவர்கள்.

இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் பாடம். மாணவர்கள் தங்கள் வாரநாள் பள்ளிகளில் தொழிற்புரட்சியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சுரங்கத்துச் சிறுவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தோம். 1838ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள், யோர்க்சயரின் சில்க்ஸ்டன் ஊரருகே கடும் மழையில் ஓடை பெருகிச் சுரங்க வழிக்குள் பாய்ந்ததில் 26 பிள்ளைகள் இறந்தார்கள். மிக இளையவருக்கு வயது ஏழு. அதன் பின்னர் அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுக்கும் சட்டம் 1842இல் வந்தது. அதுவரை காற்றுக்கதவுகளுக்கு அருகே குந்தியிருந்து, நிலக்கரி வண்டி வரும்போது கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்துவிடுவதே மிகச் சிறிய பிள்ளைகளின் வேலை. மெழுகுதிரி வாங்கக் காசில்லாத நாளில் அந்தப் பிள்ளை முழு இருட்டில் இருந்தது. இதை வகுப்பறையில் சொல்லித் தருவதற்கும் அந்த இடத்தில் நின்று உணர்வதற்கும் உள்ள வேறுபாட்டுக்காகவே நாங்கள் அத்தனை மைல் பயணம் செய்ய முடிவெடுத்தோம். அந்த முடிவு சரியென்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

முன்தயாரிப்பில் எடுத்த முடிவுகள்

மாணவர்களுக்கான ஒப்புதல் படிவத்தை மிகக் கவனமாகத் தயாரித்தோம். ஆஸ்துமா, ஒவ்வாமை, வலிப்பு, மூடிய இடங்களில் அச்சம், இருட்டில் அச்சம் ஆகிய அனைத்தையும் கேட்டோம். அச்சம் உண்டு என்று ஒரு மாணவியின் தாய் எழுதியிருந்ததால், அந்தப் பிள்ளையோடு நிலமேல் அருங்காட்சியகத்தில் ஓர் ஆசிரியர் இருப்பதற்கு ஏற்பாடு செய்தோம். உதவிக்கு வரும் பெற்றோரிடம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் வாங்கினோம். அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்கள், ஆகவே அவர்களைப் பற்றிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று எங்களில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

இன்னொரு முடிவையும் இங்கே சொல்ல வேண்டும். முந்தைய பயணமொன்றில் உதவிக்கு வந்த பெற்றோர் தத்தம் பிள்ளையை மட்டுமே பார்த்துக்கொண்டதால் மற்றப் பிள்ளைகள் கவனிப்பாரின்றிச் சிதறிய அனுபவம் எங்களுக்கு இருந்தது. எனவே, பெற்றோர் தம் பிள்ளையிடமிருந்து விலகி, வரிசையின் வேறு பகுதியில் நடக்க வேண்டும் என்று விதி வைத்தோம். தனியே எடுத்துப் பார்த்தால் இது நியாயமான விதி.

பயணத்துக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது, வருவதாக இருந்த தாய் ஒருவருக்கு வேலைமாற்றம் வந்துவிட்டது. தனக்குப் பதிலாகக் கணவர் வருவார் என்று குறுஞ்செய்தி அனுப்பினார். மகளுக்கு 12 வயது. தந்தை நாற்பதுகளின் நடுவில் இருப்பவர், பள்ளி விழாக்களில் கதிரை அடுக்குவதற்கு முதலில் வந்து கடைசியாகப் போகிறவர். "மியூசியம்" என்று மனைவி சொன்னதை வைத்துத்தான் அவர் வந்தார் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. சுரங்கத்துக்குள் இறங்குவது பற்றிய விளக்கக் கடிதம் மாணவரின் பையில் தாயிடம் போயிருந்தது, அவரிடம் போகவில்லை.

விளக்கறையில் கண்டவை

நாங்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்தோம். முதற் குழுவில் 11 மாணவர்கள், நான், எங்கள் மூத்த ஆசிரியை, அந்தத் தந்தை, இன்னொரு தாய் ஆகியோர் இருந்தோம். விளக்கறையில் ஒவ்வொருவருக்கும் தலைக்கவசம், தலைவிளக்கு, இடுப்புப் பட்டி, அதில் மாட்டிய மின்கலம், ஆபத்தில் சுவாசிப்பதற்கான காப்புக் கருவி ஆகியவற்றைத் தந்தார்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து கிலோ எடை. மெலிந்த பிள்ளைகளின் இடுப்பில் பட்டி நிற்காமல் சரிந்தது.

பிறகு கைத்தொலைபேசி, கைக்கடிகாரம், கார்ச் சாவி, தீப்பெட்டி என மின்கலமோ நெருப்போ உள்ள எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். நிலக்கரிப் படிவங்களிலிருந்து கசியும் மீத்தேன், காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால், ஒரு சிறு பொறியே வெடிப்பதற்குப் போதுமானது. 1913இல் இதே தெற்கு வேல்ஸின் செங்கெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர்கள் இறந்த வெடிப்புக்கு, மின் சமிக்ஞைக் கருவியிலிருந்து எழுந்த பொறியே காரணமாயிருக்கலாம் என்று கருதப்பட்டது. ஆகவே இந்த விதியில் விட்டுக்கொடுப்பு இல்லை, இருக்கவும் கூடாது.

அந்தத் தந்தை கைத்தொலைபேசியைக் கொடுப்பதற்குத் தயங்கினார். கையில் வைத்துக்கொண்டு, அதன் திரையை ஒருமுறை ஏற்றி அணைத்துப் பார்த்தார். பின்னர் என்னிடம் திரும்பி, "ரீச்சர், உள்ள போறதுக்கும் வாறதுக்கும் ஒரு வழிதானோ?" என்று கேட்டார். அவசரத்துக்கு வேறு வழி உண்டு என்று வழிகாட்டி ஆங்கிலத்தில் விளக்கினார், நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆர்வத்தில் கேட்கிறார் என்று நினைத்து அடுத்த பிள்ளையின் பட்டியை இறுக்கப் போனேன். அந்தக் கேள்வியை அன்று நான் கேள்வியாகவே கேட்டிருந்தால், ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு சொல் திருப்பிக் கேட்டிருந்தால், இந்த ஆய்வு எழுத வேண்டியிருந்திருக்காது.

நிலத்தடியில் நடந்தது

கூண்டு இறங்கியபோது பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். கீழே குளிர்ந்த, ஈரமான காற்று. கூரை தாழ்ந்த இடங்களில் தலைக்கவசங்கள் இரும்பு வளைவுகளில் இடித்துக் கணீரென்று ஒலித்தன. எங்கள் விதிப்படி மகள் வரிசையின் முன்னால் வழிகாட்டிக்கு அருகிலும், தந்தை கடைசிக்கு முந்தியவராகவும் நடந்தார்கள். அவருக்குப் பின்னால் மூத்த ஆசிரியை வந்தார், நான் நடுவில் இருந்தேன்.

குதிரைகள் கட்டப்பட்டிருந்த தொழுவத்தைப் பார்த்தோம். ஒவ்வொரு தடுப்பிலும் குதிரையின் பெயர் எழுதிய பலகை இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு காற்றுக்கதவைக் கடந்து நின்றோம். வழிகாட்டி அங்கே கதவுப் பிள்ளையின் கதையைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, அந்தப் பிள்ளை இருந்த இருட்டு எப்படியிருக்கும் என்று பார்ப்போம், எல்லோரும் விளக்கை அணையுங்கள், கண்ணுக்கு முன்னால் உங்கள் கையைப் பிடித்துப் பாருங்கள் என்றார். தெளிவாகவே சொன்னார். ஆனால் அவருடைய வேல்ஸ் உச்சரிப்பு வரிசையின் பின்முனைக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. முன்னால் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக விளக்கை அணைத்தபோது, பின்னால் நின்றவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வெளிச்சங்கள் தன்னை நோக்கி ஒவ்வொன்றாக அணைந்து வருகின்றன. அவருடைய விளக்கை அருகில் நின்ற மாணவன் ஒருவன், உதவி செய்வதாக எண்ணி, கை நீட்டி அணைத்துவிட்டான்.

அந்த இருட்டு வீட்டில் மின்சாரம் போனால் வரும் இருட்டைப் போன்றதன்று. கண் பழகப் பழகத் தெரியும் உருவம் எதுவும் அதில் இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், ஒருத்தி "என்ர கை காணேல்ல" என்றாள். பத்து விநாடி போயிருக்கலாம். பின்னாலிருந்து முதலில் பலத்த மூச்சு, பிறகு ஏதோ தரையில் இழுபடும் சத்தம், பிறகு அவருடைய குரல். மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் முறை அது கத்தலாக இருந்தது.

வழிகாட்டி ஒரு சொல்லும் பேசாமல் தன் விளக்கை ஏற்றினார், உடனே எல்லோரும் ஏற்றினார்கள். தந்தை சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தார். இரு கைகளும் தலைக்கவசத்தின் மேல் இருந்தன. வியர்வையில் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. அவருக்கு வெளிச்சம் வந்துவிட்டது என்பது தெரிந்திருந்தது, ஆயினும் அவர் எழவில்லை. யாரும் தன்னைத் தொட விடவில்லை. "பிள்ளை எங்க, பிள்ளை எங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

உடனடி முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

நான் எடுத்த முதல் முடிவு தவறானது. அவரை மேலே அனுப்ப வேண்டும், மகள் குழுவோடு இருக்க வேண்டும் என்று சொன்னேன். மாணவரைக் குழுவிலிருந்து பிரிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. தந்தை அந்நிலையில் இருப்பதை மகள் பார்க்க வேண்டாம் என்ற எண்ணமும் இருந்தது. நான் அவளுடைய தோளைப் பிடித்து முன்னாலேயே நிறுத்தி வைத்தேன். அவளைத் தடுத்த அந்த அரை நிமிடத்தில் தந்தையின் நிலை மேலும் மோசமானது.

மூத்த ஆசிரியை, இலங்கையின் வடக்கே போர் நடந்த வன்னியில் பிறந்து வளர்ந்தவர். அவர் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. தந்தையின் முன்னால் தானும் குந்தி, தன் விளக்கைத் தன் முகத்தின் மேல் படும்படி கையில் எடுத்துப் பிடித்து, "தம்பி, பிள்ளை இஞ்ச நிக்கிறா. வாறா. இது லண்டன் பக்கம். ஷெல் இல்லை," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளையை விடுங்கோ," என்று மட்டும் சொன்னார். நான் கையை எடுத்தேன். மகள் வரிசையைக் கடந்து வந்து அவருடைய கையைப் பிடித்தாள். அவர் அவளுடைய தலை, தோள், முழங்கை என்று தடவிப் பார்த்தார். மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது.

இதற்கிடையில் வழிகாட்டி மேலே தகவல் சொல்லியிருந்தார். பத்து நிமிடத்தில் இன்னொரு பணியாளர் வந்தார். தந்தையும் மகளும் மூத்த ஆசிரியையும் அவரோடு மேலே போனார்கள். பத்து மாணவர்களோடு இரண்டு பெரியவர்கள் எஞ்சினோம். சுற்றைத் தொடர்வதா, எல்லோரும் ஏறிவிடுவதா என்று வழிகாட்டி என்னைக் கேட்டார். தொடர்வது என்று முடிவெடுத்தேன். எல்லோரும் ஒன்றாக மேலே போனால் பத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும் நிலை அவருக்கு ஏற்படும், அது அவருடைய மானத்தைப் புண்படுத்தும் என்பதே என் காரணம். பிள்ளைகளிடம், "அந்த மாமா முன்பு ஆபத்தான இடமொன்றில் இருந்தவர், இருட்டு அதை நினைவூட்டிவிட்டது, இப்போது நலமாக இருக்கிறார்" என்று அங்கேயே நின்று சொன்னேன். விளக்கை அணைத்த மாணவன் அழுதான். அவன் தவறு செய்யவில்லை என்பதை அவனுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

மேலே வந்த பிறகு

சுரங்கத் தொழிலாளரின் பழைய குளியல் மண்டபத்தருகே அவர்கள் மூவரும் தேநீர்க் குவளைகளோடு இருந்தார்கள். மகள் அவருடைய கைத்தொலைபேசியை வாங்கி வைத்திருந்தாள். "மன்னிக்க வேணும் ரீச்சர், பிள்ளையளின்ர நாளைக் கெடுத்துப்போட்டன்," என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரில்லை என்பதைச் சொல்ல முயன்றேன், சரியாகச் சொன்னேனா தெரியாது. இரண்டாம் குழுவின் வழிகாட்டியிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் கீழே இறங்குவதற்கு முன்பே விளக்கணைப்பைப் பற்றி விளக்கினார், நாங்கள் அதைத் தமிழிலும் சொன்னோம். அந்தக் குழுவோடு வந்த பெற்றோர் ஒருவர் தான் மேலேயே இருந்துகொள்வதாகச் சொன்னார். காரணம் கேட்கவில்லை.

இரண்டு நாட்களின் பின் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னவற்றில் பெரும்பகுதியை, அவர் விருப்பப்படி, இங்கே எழுதவில்லை. 2009இன் முதல் மாதங்களில், மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை, சேலைகளைத் தைத்து மணல் நிரப்பி அடுக்கிய பதுங்கு குழிகளில் குடும்பமாக இருந்தவர்கள் அவர்கள். ஷெல்லடி (எறிகணை வீச்சு) ஓய்ந்து இருட்டில் அவர் செய்த முதல் வேலை, கையால் தடவித் தடவிப் பிள்ளைகளை எண்ணுவது. சுரங்கத்தில் இறங்கியதோ கூரை தாழ்ந்ததோ தன்னை அவ்வளவாகப் பாதிக்கவில்லை என்றார். வெளிச்சம் போனபோது கை நீட்டினால் பிள்ளை இல்லை. அதுதான் நடந்தது. அவருடைய கையெட்டும் தூரத்தில் பிள்ளை இருக்கக்கூடாது என்று விதி எழுதியவர்கள் நாங்கள்.

அப்போது மிகச் சிறு குழந்தையாக இருந்த மகளுக்கு எதுவும் நினைவில்லை. தந்தையும் தாயும் அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவுமில்லை. அவள் பயணக் கட்டுரை எழுதித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான்கு வாரங்களுக்குப் பிறகு தந்தை குடும்ப மருத்துவரிடம் போகச் சம்மதித்தார். மொழிபெயர்ப்பாளராக மகளை அழைத்துப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மூத்த ஆசிரியை உடன் போனார். மருத்துவர் உளச் சிகிச்சைக்கு அனுப்பினார். அதன் விவரங்கள் அவருக்கு உரியவை.

எங்களிடம் மாறியவை

எங்கள் பள்ளியின் பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் போரிலிருந்து வந்தவர்கள் என்பது எங்களுக்குப் புதிய செய்தியன்று. தெரிந்திருந்தும் அந்த அறிவு இடர் மதிப்பீட்டுத் தாளுக்குள் வரவில்லை, ஏனெனில் அந்தத் தாளின் மாதிரி மாணவருக்காக மட்டும் வகுக்கப்பட்டது. இப்போது உடன் வரும் ஒவ்வொரு பெரியவரிடமும், ஆசிரியர் உட்பட, தனிப் படிவம் வாங்குகிறோம். போகும் இடத்தில் இருட்டு, பெரும் சத்தம், புகை, மூடிய அறை எதுவாக இருந்தாலும், அது எந்தக் கட்டத்தில் வரும் என்று முன்கூட்டியே கேட்டறிந்து, தமிழில் எழுதி, பெரியவர்களின் கையிலேயே கொடுக்கிறோம். மாணவரின் பையில் வைப்பதில்லை. பெற்றோரைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கும் விதியை நீக்கிவிட்டோம். அதனால் மற்றப் பிள்ளைகளைக் கவனிக்க மேலும் ஓர் ஆசிரியர் தேவைப்படுகிறார், செலவும் கூடுகிறது. அந்தச் செலவை ஏற்பதென்று நிர்வாகக் குழு நீண்ட விவாதத்தின் பின் முடிவெடுத்தது.

படிவத்தின் வாசகத்தை எழுதுவதுதான் கடினமாக இருந்தது. "போரினால் உளப்பாதிப்பு உள்ளவரா?" என்று நான் முதலில் எழுதியிருந்தேன். அந்தத் தந்தையிடம் காட்டினேன். இதற்கு எங்கட சனம் ஒருவரும் ஓம் என்று எழுதாது என்றார். பேனையை வாங்கி அந்த வரியை வெட்டிவிட்டு, கீழே தன் கையெழுத்தில் எழுதினார்: "இருட்டான இடத்தில் நிற்பது உங்களுக்குக் கடினமா? காரணம் எழுதத் தேவையில்லை. மேலே இருந்து பிள்ளைகளின் பைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்."

அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு அந்தப் படிவம் எட்டுப் பெரியவர்களுக்குப் போனது. மூவர் அதில் அடையாளமிட்டுத் திருப்பித் தந்தார்கள். அவர்களுள் ஒருவர், பத்து ஆண்டுகளாக எங்களோடு கற்பித்து வரும் ஆசிரியர்.